நீரிழிவும் கண்ணும்

உயிருள்ள மனிதனின் உடலுக்குள் ஓடும் இரத்தக் குழாய்களைக் கண்ணால் காண வேண்டுமானால், தோலை அறுத்துத்தான் காண வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் உடலில் ஓரிடத்தில் மட்டும் அவற்றை மறைக்கத் தோலும் இல்லை, தசையும் இல்லை, எலும்பும் இல்லை. அங்கே இயற்கையே ஒரு பலகணியைத் திறந்து வைத்திருக்கிறது. கண்ணின் நடுவே கருமையாகத் தோன்றும் பாவையே அந்தப் பலகணி. அதன் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தால், கண்ணின் பின்சுவரில் விரிந்துள்ள விழித்திரையும், அதன்மேல் மரக்கிளைபோல் படர்ந்துள்ள இரத்தக் குழாய்களும் தெளிவாகத் தெரியும். ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், ஒரு துளி இரத்தமும் சிந்த வேண்டாம்.

நேயர்களே, இந்தப் பலகணியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். நீரிழிவு நோயினால் கண்ணுக்கு வரக்கூடிய கேட்டைப் பார்வை மங்குவதற்கு முன்பே, உடலுக்கு எவ்வித நோவும் தராமல் அறிவது எப்படி? அவ்வாறு அறிந்தால் பயன் யாது? இவையே நம் முன் உள்ள கேள்விகள். இவற்றிற்கு விடை கூறுமுன், என் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா நாகபுரியில் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாற்பத்தெட்டாம் வயதில் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. கணக்கரின் ஒழுங்கு அவருடைய வாழ்க்கையிலும் இருந்தது. காப்பியில் சர்க்கரையை அன்றே நிறுத்தினார். மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சென்று, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிப்பார். கடைசி வரிவரை பிழையின்றிப் படிப்பார். "சர்க்கரை என்னை என்ன செய்துவிட்டது? கண் பளிங்குபோல் இருக்கிறது" என்பது அவருடைய வழக்கமான பேச்சு. பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு சென்றன.

ஒரு நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, வலக்கண்ணின் முன்னே கறுப்பு நூல் ஒன்று இறங்குவதுபோல் தோன்றியது. கண்ணாடியில் அழுக்குப் படிந்திருப்பதாக எண்ணித் துடைத்தார். நூல் அகலவில்லை. நண்பகலில் அது சிலந்திக் கூடாயிற்று. மாலையில் கருஞ்சிவப்புத் திரையாகி அந்தக் கண்ணை மூடிவிட்டது. வலி சிறிதும் இல்லை. மறுநாள் அவருடைய கண்களைச் சோதித்தவன் நான். வலக்கண்ணுக்குள் இரத்தம் பெருகியிருந்தது. எழுத்துப் பலகையின் கடைசி வரியை அன்றும் படிக்க வல்லதாயிருந்த இடக்கண்ணிலும், அதே கேட்டை விளைவிக்கத் தக்க புதுக் குழாய்கள் படர்ந்திருந்தன.

நான் கண் மருத்துவன். ஆண்டுதோறும் ஒரு வாரம் அவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். அரசியல் பேசினோம், சங்கீதம் பேசினோம், உறவினர் நலம் பேசினோம். "சித்தப்பா, சற்றே வாருங்கள், உங்கள் விழித்திரையைப் பார்க்கிறேன்" என்று ஒரு நாளும் நான் அழைத்ததில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆகவே அவருடைய கண் நன்றாக இருக்கிறது என்று நானும் நம்பினேன். இந்த நம்பிக்கைதான் தவறு. இன்றைய பேச்சு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கச் சொன்னால் இதையே சொல்வேன்: கண் நன்றாகத் தெரிகிறது என்பது, கண் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

ஏன் இப்படி? இதனை அறிய, விழித்திரையில் சர்க்கரை செய்யும் வேலையைக் காண வேண்டும். உடலின் எடையோடு ஒப்பிட்டால் விழித்திரை மிகச் சிறியது. தபால் தலை அளவே உள்ள மெல்லிய படலம். ஆனால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயுவோ மிக அதிகம். அதை ஊட்டுவதற்கென மயிரிழையிலும் பன்மடங்கு நுண்ணிய குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இந்த நுண்குழாய்களின் சுவரைத் தழுவி, வேலிக்கு நட்ட முளைகள்போல் ஒருவகை உயிரணுக்கள் நிற்கின்றன. இரத்தத்தில் பல ஆண்டுகள் சர்க்கரை மிகுந்தே இருந்தால் இவை ஒவ்வொன்றாக மடிகின்றன. 1961-இல் அமெரிக்க அறிஞர் டேவிட் கோகனும் அவருடைய தோழர்களும், இறந்தவர்களின் விழித்திரைகளைப் பதப்படுத்தி ஆராய்ந்து இந்த இழப்பை எடுத்துக்காட்டினர்.

முளை சாய்ந்த இடத்தில் வேலி தளர்வது இயல்பு. குழாயின் சுவர் அங்கே சிறு மொட்டுப்போல் புடைக்கிறது. பார்ப்பவருக்கு அது சிவப்புப் புள்ளியாகத் தெரியும். நோயின் முதல் அடையாளம் இதுவே. பின்னர்ச் சுவர் கசிகிறது. இரத்தத்திலுள்ள நீரும் கொழுப்பும் வெளிவந்து படிகின்றன. சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. உணவும் காற்றும் கிடைக்காத பகுதி, உதவி வேண்டி இரசாயனத் தூது அனுப்புகிறது. அதன் பயனாகப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் இவை அவசரத்தில் கட்டிய மண் சுவர் போன்றவை, வலுவற்றவை. ஒரு தும்மலிலோ, உறக்கத்திலோகூட இவை வெடிக்கலாம். அவ்வாறு வெடித்த நாளில்தான் என் சித்தப்பா அந்தக் கறுப்பு நூலைக் கண்டார்.

இத்தனையும் நிகழும்போது பார்வை ஏன் குறைவதில்லை? நாம் படிப்பதும், முகங்களை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் விழித்திரையின் நடுவே உள்ள மஞ்சள் புள்ளி என்ற மிகச் சிறு பகுதியால்தான். அந்தப் பகுதி கெடாதவரை எழுத்துப் பலகையின் கடைசி வரி தெளிவாகவே தெரியும். ஊரின் நான்கு எல்லைகளிலும் தீப்பற்றி எரிந்தாலும், நடுத்தெருவில் இருப்பவன் நிம்மதியாக உறங்குவது போன்றது இது. மேலும், விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை. ஆகவே இந்த நோய் தானாக வந்து கதவைத் தட்டாது. நாம்தான் சென்று பலகணியை எட்டிப் பார்க்க வேண்டும்.

எட்டிப் பார்க்கும் கலையை உலகுக்குத் தந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1851-இல் அவர் வெளியிட்ட சிறு நூல், கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அறிமுகம் செய்தது. அதற்கு முன் பாவைக்குள் இருப்பது வெறும் இருள் என்றே மருத்துவர்களுக்குத் தோன்றியது. காண்பவரின் தலையே ஒளியை மறைத்ததால் வந்த இருள் அது. கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்து, ஒளி செல்லும் வழியும் பார்வை செல்லும் வழியும் ஒன்றாகும்படி அவர் செய்தார். இருள் நீங்கியது. சில ஆண்டுகளுக்குள் வியன்னா நகரத்து எட்வர்ட் யேகர், நீரிழிவு உள்ள ஒருவரின் விழித்திரையில் கண்ட மாறுதல்களை வரைந்து காட்டினார். அக்காலத்துப் பெரிய கண் மருத்துவரான பெர்லின் நகரத்துக் கிரேஃபே முதலியோர் அதை ஒப்பவில்லை. நீரிழிவுக்கும் விழித்திரைக்கும் தொடர்பு உண்டா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது.

வாதம் நீடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாளில் நீரிழிவு கண்ட பலர், கண் கெடும் காலம்வரை உயிர் வாழவே இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அன்று முதல் மரணத்தின் வாயிலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தனர். இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்தனர். அப்போதுதான் அவர்களில் பலருடைய கண்கள் இருளத் தொடங்கின. உயிரைக் காத்த வெற்றியின் பின்னாலேயே இந்தத் துயரமும் வந்தது. நீரிழிவுடன் நெடுநாள் வாழக் கற்றுக்கொண்ட மனிதகுலம், பார்வையுடன் வாழவும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்கான சிகிச்சையும் பிறந்தது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1976-இல் வெளிவந்தது. லேசர் போன்ற கடும் ஒளியால் விழித்திரையின் ஓரப் பகுதிகளை நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளாகச் சுட்டால், கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று அது காட்டியது. சுடுவது என்றவுடன் அஞ்ச வேண்டாம். பிராணவாயுவுக்கு ஏங்கும் ஓரப் பகுதிகளின் தேவையைக் குறைத்து, நடுப்பகுதியைக் காப்பாற்றும் தந்திரம் அது. பின்னாளில் புதுக் குழாய்களை வாடச் செய்யும் மருந்துகளும், கண்ணுக்குள் தேங்கிய இரத்தத்தை அகற்றும் நுட்பமான அறுவையும் வந்தன. ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. இச்சிகிச்சைகள் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காப்பவை. இழந்த பார்வையை முழுமையாக மீட்பவை அல்ல. ஆகையால்தான் காலம் இங்கே மருந்தைவிடப் பெரியதாகிறது.

காலத்தை வெல்ல நாடுகள் என்ன செய்தன என்று பார்ப்போம். ஐஸ்லாந்து என்ற சிறு தீவு நாடு 1980 முதல் நீரிழிவு உள்ளவர்களின் கண்களை ஒழுங்காகப் படம் பிடித்துச் சோதித்து வருகிறது. இங்கிலாந்து 2003-இல் நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓலை வரும்; அவர்கள் குறித்த இடத்திற்குச் செல்வார்கள்; விழித்திரை படம் பிடிக்கப்படும்; பயிற்சி பெற்றவர்கள் அதைப் படித்துத் தரம் பிரிப்பார்கள். கண்ணில் குறை சொல்லி வருபவருக்காகக் காத்திராமல், குறை இல்லாதவரையும் தேடிப் பார்ப்பது இம்முறையின் உயிர்நாடி. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதினரின் பார்வை இழப்புக்கு முதற் காரணமாக ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்து வந்த நீரிழிவுக் கண்நோய், அந்த முதலிடத்தை இழந்துவிட்டது என்று கூறியது. சோதனைத் திட்டமும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் ஏற்பட்ட முன்னேற்றமும் இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

நம் நாட்டின் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. 2022-இல் வெளியான மற்றொரு ஆய்வு, பத்து மாநிலங்களிலும் ஓர் ஒன்றியப் பகுதியிலும் நாற்பது வயதைக் கடந்தவர்களைச் சோதித்தது. அவர்களுள் நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பேருக்கு விழித்திரையில் நோய்க்குறி இருந்தது. நூற்றுக்கு நால்வருக்குப் பார்வையைப் பறிக்கும் நிலை வந்திருந்தது. நூற்றுக்கு நான்கு என்றால் சிறிதாகத் தோன்றலாம். கோடிகளின் நடுவே அது இலட்சங்களாகும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தனை கண்களையும் ஆண்டுதோறும் நேரில் பார்க்க, விழித்திரை வல்லுநர்கள் நம்மிடம் போதிய அளவில் இல்லை. இருப்பவர்களும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். நோயாளியோ ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, சில மணி நேரம் மங்கலான பார்வையுடன் காத்திருக்க வேண்டும். கண் நன்றாகத் தெரியும்போது இந்தத் தொல்லையை யார் ஏற்பார்? இந்த இடைவெளியை நிரப்பத்தான் படம் பிடிக்கும் கருவி பெரிதும் உதவுகிறது. வல்லுநர் கிராமத்துக்கு வர வேண்டியதில்லை. விழித்திரையின் படம் வல்லுநரிடம் செல்கிறது. பலருக்குப் பாவையை விரிக்கும் மருந்துகூட இல்லாமல் படம் எடுக்கும் கருவிகளும் உள்ளன. கையடக்கத் தொலைபேசியுடன் இணைத்துப் படம் எடுக்கும் சாதனங்கள் நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டுப் பயன்பட்டு வருகின்றன.

படங்கள் பெருகினால் அவற்றைப் படிப்பது யார்? இங்கே கணிப்பொறி துணைக்கு வந்தது. 2016-இல் அமெரிக்காவின் கூகுள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். விழித்திரைப் படங்கள் 1,28,175 அதற்குப் பாடமாயின. அமெரிக்க நிலையங்களிலிருந்தும், மதுரை அரவிந்த் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் அப்படங்கள் வந்தவை. ஒவ்வொரு படத்தையும் மருத்துவர்கள் பலர் தனித்தனியே பார்த்துத் தரமிட்டனர். "இவ்வளவு புள்ளி இருந்தால் இவ்வளவு நோய்" என்று எவரும் அந்தப் பொறிக்கு விதி எழுதித் தரவில்லை. படத்தையும் அதற்குரிய தரத்தையும் மீண்டும் மீண்டும் காட்டினார்கள். பொறி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு இலக்கணம் சொல்லித்தராமல் பேச்சைக் கேட்கச் செய்தே மொழி பயிற்றுவதைப் போன்றது இது. 2019-இல், மதுரையிலும் சென்னையிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வில், பயிற்சி பெற்ற மனிதர்கள் தரம் பிரிப்பதற்குக் குறையாத திறனை இந்தப் பொறி காட்டியது.

இதைக் கேட்டு நாம் மகிழலாம், மயங்கலாகாது. தாய்லாந்து நாட்டு மருத்துவ நிலையங்களில் இதே பொறியை நிறுவிப் பார்த்தபோது, தொடக்க மாதங்களில் எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தெளிவில்லை என்று அது தள்ளிவிட்டது. அறையில் போதிய இருட்டு இல்லாதது அதற்கு ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெறும் கருவி, சன்னல் திரை இல்லாத அறையில் தடுமாறுகிறது. முதியோரிடம் கண்புரை இருந்தாலும் படம் மங்கும். பொறி தனக்குக் கற்பித்த நோயை மட்டுமே தேடும் என்பதும் மறக்கத் தகாதது. கண்ணழுத்த நோயோ வேறு குறையோ இருந்தால் அதைக் கூறவேண்டிய கடமை அதற்கு இல்லை.

இதுவரை சொன்னவை, விழித்திரையில் முதற் புள்ளி தோன்றிய பிறகு அறியும் முறைகள். அப்புள்ளியும் தோன்றாத நிலையில், யாருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று அறிய முடியுமா? இன்றைய ஆராய்ச்சியின் சுவையான பகுதி இதுவே.

முன்னர், விழித்திரையின் நுண்குழாய்களைத் தெளிவாகக் காண, கை நரம்பில் ஒரு சாயத்தை ஊசியால் ஏற்றிப் படம் எடுக்க வேண்டியிருந்தது. 1961-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரு மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை அது. இன்றும் பயன்படுகிறது, ஆனால் சிலருக்குக் குமட்டலும், அரிதாக ஒவ்வாமையும் தரும். 1991-இல் மற்றொரு வழி பிறந்தது. ஒளிக்கதிரைக் கண்ணுக்குள் அனுப்பி, அது திரும்பி வரும் நுட்பமான கால வேறுபாட்டைக் கொண்டு, விழித்திரையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் கருவியை அமெரிக்க அறிஞர்கள் அமைத்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள வேறுபாடுகளையும் அது காட்டும். பின்னர் அதே கருவியால் ஓரிடத்தைப் பலமுறை அடுத்தடுத்துப் பார்த்தார்கள். அசையாத பகுதி ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தோன்றும். இரத்த அணுக்கள் ஓடும் இடம் மட்டும் மாறித் தோன்றும். மாறும் இடங்களை மட்டும் தொகுத்தால் இரத்தக் குழாய்களின் படம் கிடைக்கிறது. சாயமும் இல்லை, ஊசியும் இல்லை. சாதாரணப் படத்தில் குறையே தெரியாத சிலரிடத்திலும் நுண்குழாய் வலை ஆங்காங்கே அறுந்திருப்பதை இது காட்டியிருக்கிறது.

குழாய்களை மட்டுமா சர்க்கரை தாக்குகிறது? விழித்திரை ஒரு நரம்புப் படலமும் ஆகும். ஒளி பட்டவுடன் அது மெல்லிய மின்னதிர்வை எழுப்புகிறது. இமைக்கருகே வைத்த உணர்கருவியால் இதனை அளக்கலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஓர் உண்மையைக் கண்டார்கள். விழித்திரையின் எந்தப் பகுதியில் மறுமொழி தாமதமாக வருகிறதோ, அந்தப் பகுதியில் நோய்க்குறி பின்னர்த் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இந்தத் தாமதம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்கே. ஆயினும் அது வரப்போகும் துன்பத்தின் முன்னறிவிப்பாக அமைகிறது.

இன்னொரு வழி நமது அடுப்பங்கரையில் இருக்கிறது. தோசை கல்லில் முறுகும்போது பொன்னிறமாகிறதல்லவா? மாவிலுள்ள சர்க்கரைப் பொருளும் புரதப் பொருளும் வெப்பத்தில் கூடுவதால் வரும் நிறம் அது. 1912-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி மெயார் இந்த இரசாயன மாற்றத்தை விளக்கினார். அதே வினை நமது உடலிலும், உடல் வெப்பத்திலேயே, மிக மெதுவாக நடைபெறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வினையும் மிகும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று மருத்துவர்கள் கூறும் இரத்தச் சோதனை, சிவப்பணுவில் நிகழும் இவ்வகைக் கூட்டையே அளக்கிறது. தோலிலுள்ள புரதமோ பல ஆண்டுகள் அழியாதது. ஆகவே பல ஆண்டுகளின் சர்க்கரைக் கணக்கு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. முன்கையில் ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அந்தக் கூட்டுப் பொருள்கள் மங்கிய ஒளியைத் திருப்பி வீசும். அவ்வொளி மிகுந்தவர்களிடம் கண், சிறுநீரக உபாதைகளும் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் ஒரு தடை உண்டு. கருமையான தோல் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது, அளவு பிசகுகிறது. மேனாட்டார் தோலுக்கு அமைத்த அளவுகோலை நம்மவர் கையில் அப்படியே வைக்க முடியாது. நம் மக்களிடம் சோதித்து, நம் மக்களுக்கு ஏற்பத் திருத்திய பின்னரே அது நமக்குப் பயன்படும்.

இவையெல்லாம் வளர்ந்துவரும் முறைகள். இவற்றுள் எதுவும் விழித்திரையைப் பார்க்கும் ஆண்டுச் சோதனைக்கு மாற்றாக இன்னும் ஆகவில்லை. அதே சமயம், எந்தக் கருவியும் இல்லாமலே ஆபத்தை ஓரளவு கணிக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். நீரிழிவு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று? மூன்று மாதச் சராசரி எவ்வளவு? இரத்த அழுத்தம் எவ்வளவு? சிறுநீரகம் நலமாக உள்ளதா? இத்தகைய சில கேள்விகளின் விடைகளே பெரும்பகுதி ஆபத்தைக் கூறிவிடும். யாரை அடிக்கடி பார்க்க வேண்டும், யாரைச் சற்றுத் தாமதித்துப் பார்க்கலாம் என்று இவற்றைக் கொண்டு கணக்கிடும் முறையை ஐஸ்லாந்து அறிஞர்கள் 2011-இல் வெளியிட்டார்கள்.

முன்னதாக அறிவதால் பயன் என்ன என்று ஐயுறுவோர் இருக்கலாம். 1993-இல் அமெரிக்காவில் முடிவுற்ற ஆய்வை அவர்கள் கருத வேண்டும். இன்சுலின் இன்றி வாழ முடியாத வகை நீரிழிவு உள்ளவர்களில், கண்ணில் நோய்க்குறி இல்லாதவர்கள் சர்க்கரையைக் கண்டிப்புடன் கட்டுப்படுத்தியபோது, கண் நோய் தோன்றும் ஆபத்து நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. நடுவயதில் வரும் வகையைப் பற்றி 1998-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, இரத்த அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்துவதால் கண் நோய் முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டது. ஆகவே, முதற் புள்ளியைக் கண்ட நாளில் அது தண்டனை அல்ல; எச்சரிக்கை. அந்நாளில் நம் கையில் இன்னும் காலம் இருக்கிறது.

ஆனால் நேயர்களே, கருவி எவ்வளவு நுட்பமாயினும் சங்கிலியின் கடைசிக் கண்ணி மனிதனே. படம் எடுத்தாயிற்று, "மேல் சிகிச்சை தேவை" என்று சீட்டும் கொடுத்தாயிற்று. அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே மடிந்து கிடக்குமானால் கருவியால் பயன் யாது? வயலில் அறுவடை, பேத்திக்குத் திருமணம், துணைக்கு வர ஆள் இல்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நன்றாகத் தெரியும் கண்ணுக்குச் சிகிச்சை வேண்டும் என்பதை நம்புவது எளிதன்று. ஆகவே இங்கே குடும்பத்தாரின் கடமை பெரியது. கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும்.

சுருக்கமாகச் சில கூறி முடிக்கிறேன். நடுவயதில் நீரிழிவு கண்டவர்கள், அது தெரிந்த உடனேயே விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நோய் எப்போது தொடங்கியது என்று எவரும் அறியார். இளம் வயதில் இன்சுலினை நம்பி வாழ்பவர்கள், நோய் தொடங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றால், முதல் மூன்று மாதங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, மருத்துவர் வேறு தவணை கூறினாலன்றி, பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது விழித்திரைச் சோதனை ஆகாது. கறுப்பு நூலோ, திடீர் மங்கலோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

என் சித்தப்பாவின் இடக்கண் லேசர் சிகிச்சையால் காப்பாற்றப்பட்டது. வலக்கண்ணுக்கு அறுவை செய்தும் வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. இன்றும் அவர் ஒற்றைக் கண்ணால் நாளேடு படிக்கிறார். "நீ ஏன் முன்பே பார்க்கவில்லை?" என்று அவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்போது எந்த உறவினர் வீட்டுக்குச் சென்றாலும், நலம் விசாரித்தவுடன் நான் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "இந்த ஆண்டு கண்ணின் உட்புறத்தைக் காட்டினீர்களா?" இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டில் நீரிழிவு உள்ளவரை இன்றிரவே அந்தக் கேள்வியைக் கேட்பார்களானால், நான் பேசியது வீண் போகாது.